பழைய மோட்டாரில் கரண்ட் போய்விட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பழைய மோட்டார், அதாவது மோட்டார் சைக்கிள், இல்லாத வீடு குறைவு. செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை அறுக்கப் போகிறவர், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு டவுனுக்கு ஓடுகிறவர், எல்லாருக்கும் இருபது வயதைத் தாண்டிய ஒரு ஹோண்டா இஎக்ஸ்5 இருக்கும். இல்லாவிட்டால் யமஹா ஆர்எக்ஸ்இசட், அல்லது 1996இல் நம் நாட்டிலேயே செய்து வந்த மொடெனாஸ் கிரிஸ்.

நான் பொமேன் (மெக்கானிக்) அல்ல. செம்பனை ஆலையில் மின்சாரப் பகுதியில் வேலை. "ஆலை மோட்டாரையே பாக்குறாரு, இதைப் பாக்கமாட்டாரா?" என்று சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் வாசலில் ரெண்டு வண்டியாவது நிற்கும். ஆள் மாறுகிறார்களே தவிர கேள்வி மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். பெரும்பாலும் கார்புரேட்டர் வைத்த இஎக்ஸ்5ஐ மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன். மற்ற வண்டிக்கு ஒயர் நிறம் மாறும். அதையும் ஓரிடத்தில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுச்சு. காலையில சாவி போட்டா ஒண்ணுமே எரியல. பேட்டரி செத்துப்போச்சா?

இருக்கலாம். ஆனால் பேட்டரி படிப்படியாகத்தான் சாகும். நாலு நாளாக ஹாரன் கம்மிப்போய், சிக்னல் சோம்பேறித்தனமாக மினுக்கியிருக்கும். நேற்று வரை பளிச்சென்று இருந்தது இன்று மொத்தமாக இல்லை என்றால் முதல் சந்தேகம் பியூஸ், இரண்டாவது பேட்டரி முனையில் இருக்கும் திருகாணி.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே சின்ன பிளாஸ்டிக் கூட்டுக்குள் கண்ணாடிக் குழாய் பியூஸ் இருக்கும். அதை வெளியே எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே கம்பி முழுசாக இருந்தாலும் நம்பிவிட வேண்டாம். கம்பி மூடிக்குள் போகிற இடத்தில் மயிரிழையாக விட்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இன்னொன்று, பியூஸ் நன்றாக இருக்கும், அதைப் பிடித்திருக்கும் கவ்வி பச்சை பூத்துப்போயிருக்கும். பியூஸை விரலால் ரெண்டு சுற்றுச் சுற்றினால் லைட் வந்துவிடுகிறதா? அப்படியானால் கோளாறு கவ்வியில். உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே தேயுங்கள், கவ்வியைக் கொஞ்சம் நெருக்குங்கள். அடுத்து பேட்டரி முனைகள். ஸ்குரூவைக் கையால் அசைத்தாலே ஆடினால் காரணம் கிடைத்துவிட்டது.

இதையெல்லாம் பாக்க மீட்டர் வாங்கணுமா? என்கிட்ட ஸ்பேனரைத் தவிர ஒண்ணும் இல்ல.

இருபது முப்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிற டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ஆனால் அதைவிட எனக்குப் பிடித்த கருவிக்கு அவ்வளவு கூட ஆகாது. பழைய சிக்னல் விளக்கிலிருந்து 12 வோல்ட், 10 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு கழற்றுங்கள். ரெண்டு ஒயர், ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். நுனிக்கு ஒரு முதலைக் கவ்வி. அவ்வளவுதான் டெஸ்ட் பல்பு. நான் பாதி வேலையை இதில்தான் முடிக்கிறேன். ஏன் இது மீட்டரைவிட உண்மை பேசும் என்பதைக் கீழே, மீட்டர் பொய் சொல்கிறதா என்ற கேள்வியில் பாருங்கள்.

ஒண்ணுமே எரியல, ஆனா உதைச்சா உடனே ஸ்டார்ட் ஆகுது. கரண்டே இல்லாம எப்படி ஓடுது?

கரண்ட் இல்லாமல் ஓடவில்லை, வேறு கரண்டில் ஓடுகிறது. இஞ்சின் இடதுபக்க மூடிக்குள் காந்தச் சக்கரம் சுற்றுகிறது. அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட காயில் சுற்றுகள். ஒரு சுற்று சிடிஐக்கு (பிளக்கில் பொறியை மூட்டிவிடுகிற சின்னப் பெட்டி) மட்டும் கரண்ட் கொடுத்து பிளக்கில் பொறி வரவழைக்கும். இன்னொரு சுற்று ஹெட்லைட்டுக்கும் பேட்டரி சார்ஜுக்கும். ஆகையால் பழைய இஎக்ஸ்5இல் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகும், ஹெட்லைட்டும் எரியும். பேட்டரியை நம்பி இருப்பவை ஹாரன், சிக்னல், பிரேக் லைட், நியூட்ரல் விளக்கு.

இதில்தான் நல்ல துப்பு இருக்கிறது. இஞ்சின் ஓடி, ஹாரனும் சிக்னலும் செத்துக் கிடந்தால் பேட்டரிப் பக்கத்தை மட்டும் பாருங்கள். சிடிஐயைத் தொடவே வேண்டாம். ஹாரன் சிக்னல் நன்றாக இருந்து இஞ்சின் ஓடாவிட்டால் தலைகீழ். ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

ஒரு எச்சரிக்கை: ஓடுகிறதே என்று பேட்டரி இல்லாமலே மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். ஏறி இறங்கும் வோல்டேஜைத் தாங்கிக்கொள்கிற மெத்தை அந்தப் பேட்டரிதான். அது இல்லாவிட்டால் பல்பும், சிக்னலை மினுக்கவைக்கிற ஃபிளாஷரும் அடி வாங்கும்.

பேட்டரியில எத்தனை வோல்ட் இருந்தா நல்லாருக்குன்னு அர்த்தம்?

இஞ்சின் ஓடாமல், வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு அளந்தால் 12.6இலிருந்து 12.8 வரை இருப்பது நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் சார்ஜ் போட்டே ஆகவேண்டும். சார்ஜ் போட்டும் 10.5ஐத் தாண்டவில்லை என்றால் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது, அதற்கு மருந்து இல்லை.

சும்மா நிற்கும்போது 12.6 காட்டுவதை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். மீட்டரை வைத்தபடியே பிரேக்கை மிதித்து ஹாரனையும் அழுத்துங்கள். கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. 9, 8 என்று சறுக்கி விழுந்தால் அந்தப் பேட்டரிக்கு முகம் மட்டும்தான் இருக்கிறது, உடம்பில் பலம் இல்லை.

கழற்றும்போது எப்போதும் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்திருக்கும்போது அது பாடியில் பட்டால் பொறி பறக்கும்; நெகட்டிவ் கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது.

புது பியூஸ் போட்டதும் டப்புனு போயிடுது. கொஞ்சம் பெருசா போட்டா தாங்குமா? சிகரெட் தாளு சுத்துனா ஓடும்னு சொல்றாங்களே.

ஓடும். பியூஸுக்குப் பதிலாக ஒயர் எரியும்வரை ஓடும். பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) தம்பி ஒருவர் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிக்கொண்டு தீபாவளிக்கு முந்தின நாள் டவுனுக்குப் போனார். முன்கவருக்குள்ளிருந்து புகை வந்தது. கவரைத் திறந்தபோது ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வெல்லப்பாகு மாதிரி உருகிக் கிடந்தன. ஒரு வெள்ளி பியூஸில் முடிந்திருக்க வேண்டியது. பழையதில் என்ன ஆம்ப் எழுதியிருக்கிறதோ அதையே போடுங்கள், கூட்டாதீர்கள்.

பியூஸ் போவது நோயல்ல, அறிகுறி. எங்கோ கரண்ட் போகிற ஒயர் தோல் தேய்ந்து பாடியில் படுகிறது. அதைத் தேட பியூஸ் பெட்டி பெட்டியாக வாங்கி எரிக்க வேண்டாம். போன பியூஸை எடுத்துவிட்டு, அந்த இரண்டு கவ்விக்கும் நடுவில் டெஸ்ட் பல்பை மாட்டுங்கள். இப்போது ஷார்ட் இருந்தாலும் கரண்ட் பல்பு வழியாகத்தான் போகமுடியும். பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், ஒயருக்கு ஆபத்தில்லை. இனி நிதானமாகத் தேடலாம்.

சாவி போடாமலே பல்பு எரிகிறதா? அப்படியானால் கோளாறு சாவி சுவிட்சுக்கு முன்னாலேயே இருக்கிறது; ரெக்டிபையரின் (காயில் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற பெட்டி) சாக்கெட்டைப் பிடுங்கிப் பாருங்கள், பல்பு அணைந்தால் ரெக்டிபையர் உள்ளே ஷார்ட். சாவி போட்ட பிறகுதான் எரிகிறதா? ஹாரன், சிக்னல், பிரேக் சுவிட்ச் என்று ஒவ்வொரு சாக்கெட்டாகப் பிடுங்கிக்கொண்டே வாருங்கள். எதைப் பிடுங்கும்போது பல்பு மங்குகிறதோ அந்தக் கிளையில் ஷார்ட். நியூட்ரல் விளக்குக்காகக் கொஞ்சம் மினுக்குவது சகஜம், அதைக் கண்டு பயப்படவேண்டாம். ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் பல்பு பளிச்சிட்டால் கழுத்துப் பகுதி. பின்சீட்டை அமுக்கினால் பளிச்சிட்டால் பின் மட்கார்டு. நம்ம ஊரில் நான் அதிகம் பார்த்தது இரண்டாவதுதான்: குலை அறுக்கிற சாமான், உர மூட்டை என்று பின்னால் பாரம் ஏற்றி ஏற்றி, பிரேக் லைட் ஒயர் டயரில் உரசி அறுந்திருக்கும்.

குழியில விழுந்தா கரண்ட் போகுது, அடுத்த குழியில திரும்பி வருது. பேயா?

தோட்டத்து மண் சாலையில் பேய்க்குப் பஞ்சமில்லை, ஆனால் இது தளர்ந்த இணைப்பு. முதல் கேள்வியில் சொன்ன பியூஸ் கவ்வியையும் பேட்டரித் திருகாணியையும் முடித்துவிட்டு, சாவியைப் போட்டு, நியூட்ரல் விளக்கின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு வண்டியை வருடுங்கள். சாவியைத் துளையிலேயே ஆட்டுங்கள். ஹேண்டிலைக் கோடிக்குக் கோடி திருப்புங்கள். ஒவ்வொரு சாக்கெட்டையும் பிடித்து அசையுங்கள். விளக்கு எங்கே கண் சிமிட்டுகிறதோ அங்கே நில்லுங்கள்.

தோல் நன்றாக இருந்து உள்ளே செம்புக் கம்பி மட்டும் அறுந்துபோவதும் உண்டு. ஹேண்டில் திருப்பித் திருப்பி கழுத்தருகே இது நடக்கும். சந்தேகப்படுகிற ஒயரை ரெண்டு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும். உள்ளே அறுந்த ஒயர் அந்த இடத்தில் ரப்பர் மாதிரி நீண்டு மெலியும். முதல்முறை இதைக் கையில் உணர்ந்தவர் மறக்கமாட்டார்.

மழை பேஞ்சா மட்டும்தான் கோளாறு. காஞ்சதும் தானா சரியாயிடுது. விட்டுடலாமா?

விட்டால் மழைக்காலம் முழுக்கத் தள்ளிக்கொண்டுதான் வரணும். மழையில் இஞ்சின் நின்றால் பிளக் கேப், பிளக் ஒயர் ரெண்டில் வெடிப்பு இருக்கும். ராத்திரி முன்வாசல் விளக்கை அணைத்துவிட்டு, இஞ்சினை ஓடவிட்டு, பிளக் பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நீலமாகப் பொறி ஊர்ந்தால் அங்கேதான் கசிவு. கையை வைத்துப் பார்க்கவேண்டாம், சொல்லிவிட்டேன்.

இஞ்சின் ஓடி, சிக்னல் ஹாரன் மட்டும் போனால் சாக்கெட்டுக்குள் தண்ணீர். கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, பச்சையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காயவிட்டு மாட்டுங்கள். உரம் ஏற்றுகிற வண்டிக்கு இது இரட்டிப்பு வேலை. பொட்டாஷ் உரம் ஒருவகை உப்புதான். மூட்டையிலிருந்து கொட்டி, ஈரத்தில் கரைந்து, செம்பைத் தின்னும். உரம் போட்ட நாள் வண்டியைக் கழுவிவிட்டுப் படுங்கள். பீச்சியடிக்கிற கழுவு மெஷினை மட்டும் ஹேண்டில் பக்கம், சாவித் துளைப் பக்கம் காட்டாதீர்கள்.

மீட்டர் வச்சா பல்பு ஹோல்டர்ல 12 வோல்ட் காட்டுது, பல்பும் புதுசு, ஆனா எரிய மாட்டேங்குது. மீட்டர் பொய் சொல்லுதா?

எனக்குப் பிடித்த கேள்வி இது. மீட்டர் பொய் சொல்லவில்லை, முழுக்கதையைச் சொல்லவில்லை. மீட்டர் உறிஞ்சுகிற கரண்ட் ஏறக்குறைய ஒன்றுமில்லை. முப்பது இழை இருக்கவேண்டிய ஒயரில் ஒரே இழை மிச்சம் இருந்தாலும் அதற்கு 12 வோல்ட் தெரியும். லயத்துப் பொதுக்குழாய் அடைத்திருந்தாலும் மூடியிருக்கும்போது அழுத்தம் இருக்கிற மாதிரிதான் தெரியும். திறந்து வாளியைப் பிடித்தால்தான் சொட்டு சொட்டாக வருவது தெரியும். டெஸ்ட் பல்பு அந்த வாளி. ஹோல்டரில் மீட்டருக்குப் பதிலாக அதை மாட்டிப் பாருங்கள், மங்கலாக எரிந்தாலோ எரியாமல் போனாலோ வழியில் எங்கோ அடைப்பு.

அடைப்பு எங்கே என்று தெரிய மீட்டரையே வேறு மாதிரி வைக்கவேண்டும். கரண்டுக்குப் போகிற வழி ஒன்று, திரும்பி வருகிற வழி ஒன்று. கோளாறான பல்பை ஹோல்டரிலேயே விட்டு, சுவிட்சைப் போட்டு வைத்துக்கொண்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை பல்புக்கு வருகிற ஒயரிலும் வையுங்கள். அடுத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை பல்பிலிருந்து திரும்புகிற ஒயரிலும் வையுங்கள். திரும்புகிற வழியில் 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. போகிற வழியில் பியூஸ், சாவி, சுவிட்ச் எல்லாம் இருப்பதால் 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் 2, 3 வோல்ட் காட்டுகிறதோ அந்தப் பக்கம் அடைப்பு. முழு 12உம் காட்டினால் அந்தப் பக்கம் அறுந்தே போய்விட்டது. அப்புறம் முனையை ஒவ்வொரு சாக்கெட்டாக நகர்த்தி வந்தால், எண் திடீரென்று விழுகிற இடம்தான் குற்றவாளி.

எதைக் கேட்டாலும் எர்த், எர்த்துங்கிறீங்க. அது எங்கதான் இருக்கு?

மேலே சொன்ன திரும்பி வருகிற வழிதான் எர்த். பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு ஒயர் பாடியில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். விளக்குகளிலிருந்து வருகிற எர்த் ஒயர்களும் ஒன்றுசேர்ந்து அங்கேயோ பக்கத்திலோ முடியும். அந்த போல்ட்டைக் கழற்றி, ஒயர் வளையத்தையும் அடியிலுள்ள இரும்பையும் பளபளக்கத் தேய்த்து, மறுபடி இறுக்குங்கள். வண்டிக்குப் புது பெயிண்ட் அடித்தபிறகு கரண்ட் கோளாறு வந்ததாகச் சொல்பவர்கள் நேராக இங்கேதான் வரவேண்டும். பெயிண்டின் மேல் போல்ட் போட்டால் கரண்ட் எப்படிப் போகும்?

எர்த் கெட்டால் விசித்திரங்கள் நடக்கும். பிரேக் பிடித்தால் சிக்னல் மினுக்கும், சிக்னல் போட்டால் டெயில் லைட் துடிக்கும். திரும்ப வழி இல்லாத கரண்ட் பக்கத்து பல்பு வழியாகச் சந்துபொந்தில் நுழைந்து வருவதுதான் காரணம். இப்படிச் சம்பந்தமில்லாத ரெண்டு விளக்கு சேர்ந்து ஆடினால் வேறெதையும் பார்க்காமல் எர்த்தைப் பாருங்கள்.

இப்போது நிறம். ஹோண்டாவில் பச்சை எர்த், கறுப்பு சாவி போட்டதும் கரண்ட் வருகிற ஒயர். யமஹாவில் கறுப்புதான் எர்த், சாவி போட்டதும் கரண்ட் வருவது பழுப்பு. சுசுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு எர்த், கவாசாகியில் கறுப்பில் மஞ்சள் கோடு எர்த். இஎக்ஸ்5இல் பழகிய கையோடு ஆர்எக்ஸ்இசட்டைப் பிரித்து, கறுப்பில் ஹாரனுக்குக் கரண்ட் தேடி அரைநாள் போக்கியவரை எனக்குத் தெரியும். தினம் கண்ணாடியில் பார்க்கிறேன்.

புது பேட்டரி போட்டு ரெண்டு வாரம்தான் ஆகுது அங்கிள், மறுபடி டவுன். கடைக்காரர் இன்னொண்ணு வாங்கச் சொல்றார்.

வாங்காதீர்கள். ஒரு பெரியவர் ஒரே வருடத்தில் மூன்று பேட்டரி மாற்றிவிட்டு என்னிடம் வந்தார். மூன்றும் நல்ல பேட்டரிகள், பட்டினியில் செத்தவை. இஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைப் பாதி திருகி, பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.5இலிருந்து 14.8க்குள் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. ஸ்லோவில் (ஆக்சிலேட்டரைத் திருகாமல் ஓடவிடும்போது) அதைவிடக் குறைவாக இருந்தால் பரவாயில்லை. எவ்வளவு திருகினாலும் 12.3இலேயே நின்றால் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெக்டிபையர் அடக்கத் தவறுகிறது. பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றும்.

ஏறவில்லை என்றால் ரெக்டிபையர் மேல் உடனே பழி போடாதீர்கள். அதன் எர்த்தையும் சாக்கெட்டையும் பாருங்கள், பாதி நேரம் அதோடு முடியும். பிறகு சாக்கெட்டைப் பிடுங்கி, இஞ்சினிலிருந்து வருகிற வெள்ளை ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓம் அளந்தால் ஒன்றை ஒட்டி, மிகக் குறைவாகக் காட்டவேண்டும். ஒன்றுமே காட்டவில்லையா, காயில் அறுந்திருக்கிறது. பெரியவர் வண்டியில் வெள்ளை ஒயர் சாக்கெட்டில் கருகியிருந்தது. புது முனை போட்டோம், செலவு டேப்பையும் சேர்த்து மூன்று வெள்ளி.

சார்ஜ் நன்றாக ஏறுகிறது, ஆனாலும் ரெண்டு நாள் நிறுத்தினால் இறங்கிவிடுகிறது என்றால் எங்கோ கசிகிறது. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, பேட்டரி முனைக்கும் அந்த ஒயருக்கும் நடுவில் மீட்டரை மில்லிஆம்பில் வையுங்கள். கடிகாரம், அலாரம் எதுவும் இல்லாத பழைய வண்டியில் சுழியை ஒட்டித்தான் இருக்கவேண்டும். எண் காட்டினால் ரெக்டிபையரைப் பிடுங்குங்கள். சுழியானால் அதன் டயோடு பின்பக்கமாகக் கசிகிறது. அளந்து முடித்ததும் மீட்டர் ஒயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். ஆம்பில் வைத்தபடி பேட்டரியை அளந்தால் மீட்டர் பியூஸ் போகும்.

ஸ்லோவுல ஹெட்லைட் மங்குது, முறுக்குனா கண்ணைக் குத்துது. பல்பும் மாசத்துக்கு ஒண்ணு போகுது.

ஸ்லோவில் மங்குவது அதன் பிறவிக்குணம், ஹெட்லைட் காயிலிலிருந்து நேராக எரிகிறது என்று முன்பே சொன்னேன். பல்பு அடிக்கடி போவதுதான் கோளாறு: ரெக்டிபையரோடு சேர்ந்த ரெகுலேட்டர், அல்லது அதன் எர்த். எர்த்தை முதலில். தள்ளிப்போடவும் வேண்டாம், 1992இலிருந்து நம் நாட்டில் மோட்டார் பகலிலும் ஹெட்லைட் போட்டு ஓடவேண்டும் என்பது சட்டம். சம்மன் காசில் ரெகுலேட்டர் வாங்கிவிடலாம்.

லைட், ஹாரன் எல்லாம் நல்லாருக்கு. உதைச்சு உதைச்சு கால்தான் வலிக்குது, பிளக்ல பொறி இல்ல.

பிளக்கைக் கழற்றி கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடம்பை இஞ்சினில் அழுத்திவைத்து உதையுங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், தள்ளிப் பிடியுங்கள். பொறி இல்லையென்றால் வேறொரு நல்ல பிளக். அதிலும் இல்லையென்றால் கேப்பை ஒயரிலிருந்து திருகிக் கழற்றி, ஒயர் நுனியை அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். கேப்புக்குள் செம்பு பச்சையாகியிருப்பது ரொம்பச் சாதாரணம்.

இதற்குமேல் ஒரு தந்திரம் இருக்கிறது. இந்த வண்டிகளில் சாவியை அணைத்தால் கரண்ட் துண்டிக்கப்படுவதில்லை. கறுப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு ஒயரை எர்த்தோடு சேர்த்து சிடிஐயை முடக்குகிறது. சாவி சுவிட்ச் உள்ளே தேய்ந்து அந்த ஒயர் எப்போதும் எர்த்தில் பட்டுக்கொண்டிருந்தால், சாவி போட்டிருந்தும் இஞ்சினைப் பொறுத்தவரை வண்டி அணைந்தேதான் இருக்கிறது. சாவி சுவிட்சின் சாக்கெட்டைப் பிடுங்கிவிட்டு உதையுங்கள். ஸ்டார்ட் ஆனால் சுவிட்ச்தான். இப்போது சாவியால் அணைக்க முடியாது என்பதை நினைவில் வையுங்கள். பிடுங்கிய சாக்கெட்டைத் திரும்ப மாட்டி, சாவியை அணையுங்கள், நின்றுவிடும்.

அதுவும் இல்லையென்றால் காந்தச் சக்கரத்துக் காயில். சிடிஐக்குக் கரண்ட் கொடுக்கிற சுற்று மெல்லிய கம்பியில் நிறையச் சுற்றியது என்பதால் ஓம் நூற்றுக்கணக்கில் வரும். சுழியோ, ஒன்றுமே காட்டாததோ, ரெண்டும் கெட்டது. சிடிஐயை மீட்டரால் நம்பகமாகச் சோதிக்க முடியாது. அதே மாடல் வண்டி வைத்திருக்கிற சிநேகிதரிடம் பத்து நிமிடம் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதுதான் வழி. அதனால்தான் அதைக் கடைசியில் வைக்கிறேன், பலர் முதலில் வாங்குகிறார்கள்.

என்கிட்ட தாத்தா காலத்து சி70 இருக்கு, 6 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி போட்டா லைட் நல்லா எரியுமா?

நன்றாக எரியும், ஒரே ஒரு முறை. பேட்டரி மட்டும் மாற்றினால் போதாது. பல்பு, ஹாரன், ஃபிளாஷர், ரெக்டிபையர், சார்ஜ் காயில் வரைக்கும் மாறவேண்டும். தாத்தா வண்டியை 6 வோல்ட்டிலேயே விட்டு, எர்த்துகளைத் தேய்த்து, இணைப்புகளைச் சுத்தம் செய்தால் வெளிச்சம் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். 6 வோல்ட்டில் அரை வோல்ட் வீணாவது 12இல் ஒரு வோல்ட் வீணாவது மாதிரி.

பொமேன் முழு ஒயரிங்கும் மாத்தணும்னுட்டார். மாத்தணுமா?

ஒயரை வளைத்தால் தோல் பொரிந்து உதிர்கிறதா, ஒருமுறை உருகி ஒட்டியிருக்கிறதா, எலி ரெண்டு மூன்று இடத்தில் கடித்திருக்கிறதா? ஆமாம் என்றால் மாற்றுங்கள். இல்லையென்றால் எது கோளாறோ அதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். மலிவான புது செட்டுகள் சிலவற்றில் செம்பு மெல்லிசு. இருபது வருடப் பழைய ஒரிஜினல் அதைவிட மேல்.

ஒட்டுப்போடுவதாக இருந்தால் ஈயம் வைத்து, சுருங்கும் குழாய் மாட்டி ஒட்டுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் நம்ம ஊர் வெயிலில் பசை இளகி, மாசம் ஆறுக்குள் டேப் தானாகக் கழன்று தொங்கும்.

எல்லாத்தையும் பாத்தாச்சு. பியூஸ், எர்த், சாவி, சாக்கெட், எல்லாம் நல்லாருக்கு. ஆனாலும் திடீர் திடீர்னு போகுது.

முந்தைய சொந்தக்காரர் என்ன மாட்டினார் என்று கேளுங்கள். அலாரம், ஃபோன் சார்ஜர், லாரி ஹாரன், கலர் விளக்கு. என்னுடைய ஆர்எக்ஸ்இசட் இரண்டு சனிக்கிழமையைத் தின்றது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் மொத்தமாகப் போகும், நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து வரும். மேலே சொன்ன அளவெல்லாம் எடுத்தேன், எல்லாமே சரி. சரியாக இருக்கும்போது அளந்தால் சரியாகத்தானே இருக்கும்! கடைசியில் மீட்டரை ஹேண்டிலில் கட்டி, நீள ஒயர் விட்டு, பழுப்பு ஒயரில் வைத்துக்கொண்டு தோட்டத்துச் சாலையில் ஓட்டினேன். கரண்ட் போன நொடியில் பார்த்தேன்: சாவிக்கு முன் 12, சாவிக்குப் பின் சுழி.

சாவி சுவிட்ச் புதுசு. அதனால் ஒயரின் மேல் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்துக்கொண்டே போனேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால், டேப்புக்குள் டேப்பாக, எப்போதோ கழற்றி வீசிய அலாரம் ஒன்றின் மிச்சம். பழுப்பு ஒயரை வெட்டி அலாரத்துக்குக் கொடுத்து, பிறகு அலாரத்தை எடுத்துவிட்டு, வெட்டிய ரெண்டு நுனியையும் வெறும் கையால் முறுக்கி விட்டிருந்தார்கள். சூடானால் தளரும், ஆறினால் ஒட்டும். ஈயம் வைக்க மூன்று நிமிடம் ஆனது. அந்த முறுக்குத் துண்டை வெட்டியெடுத்து டெஸ்ட் பல்பு வைக்கிற டப்பாவிலேயே போட்டு வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்ட.